பேராசை இல்ல, நப்பாசை

வணக்கம் சார். உங்க சைட்டை ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. ஒரு சின்ன கம்பெனி ஷேர் பத்தி ஒரு டெலிகிராம் குரூப்ல பேசிக்கிட்டிருந்தாங்க. 12 ரூபாய்ல இருந்தப்பவே பார்த்தேன், வாங்கல. 20 போச்சு, அப்பவும் வாங்கல. அப்புறம் தினமும் அப்பர் சர்க்யூட், ஒரு நாளைக்கு ஏறலாம்ங்கிற உச்ச வரம்பைத் தொட்டு நின்னுச்சு. ரெண்டு மாசம் வேடிக்கை பார்த்துட்டு 41ல வாங்கினேன், 46 வரைக்கும் போய்ட்டு விழ ஆரம்பிச்சது, 30ல இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணேன், வாங்கின சராசரி விலை குறையட்டும்னு. இன்னைக்கு 14. வீட்ல சொன்னா "பேராசை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல சார், யோசிச்சுதான் வாங்கினேன். நான் வாங்கினா மட்டும் விழுதே, யாராவது நம்மள பார்த்துக்கிட்டே இருக்காங்களா? இப்ப வித்துடவா, வச்சிருக்கவா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

வணக்கம். வீட்ல சொன்னது தப்புன்னுதான் நானும் நினைக்கிறேன். பேராசைக்காரன் 12லயே வாங்கியிருப்பான். நீங்க ரெண்டு மாசம் காத்திருந்தீங்க. உங்களை அங்க கொண்டு போய் மாட்டிவிட்டதே அந்த ஜாக்கிரதைதான்னு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?

உங்களை யாரும் தனியா பார்க்கல. அதுக்கு அவசியமே இல்ல. ஒரு ஷேர் ஏறிக்கிட்டே இருந்தா முதல்ல துணிஞ்சவன் வாங்குவான், அப்புறம் பாதி துணிஞ்சவன், கடைசியாதான் உங்களை மாதிரி என்னை மாதிரி பயந்தவங்க "இதுக்கு மேல விட்டா போச்சு"ன்னு உள்ள போவோம். பயந்தவனும் வாங்கிட்டா அப்புறம் வாங்க ஆளே மிச்சமில்ல. அதனாலதான் நாம வாங்கினதும் விழுற மாதிரி இருக்கு. ஆபரேட்டர்னு சொல்வாங்க, ஷேர் விலையை செயற்கையா ஏத்தி விக்கிற ஆள். அவனுக்கு உங்க பேர் தெரியாது, ஆனா உங்க தயக்கம் எத்தனை நாள் தாங்கும்னு அனுபவத்துல தெரியும்.

இந்த வேலை எப்படி நடக்குதுன்னு சொல்றேன். முதல்ல சந்தையில கொஞ்சமா புழங்குற ஒரு ஷேரா பார்ப்பான், ஏன்னா பெரிய கம்பெனி ஷேரை அசைக்க இவன்கிட்ட அவ்ளோ பணம் இருக்காது. பல பேர்ல பல அக்கவுன்ட், சத்தமில்லாம சில மாசம் சேர்ப்பான். அப்புறம் தன் ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு தானே வித்து தானே வாங்குவான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் விலையில. செலவு புரோக்கரேஜும் சார்ஜும்தான். ஆனா வெளியில இருந்து பார்க்கிற நமக்கு விலையும் ஏறுது, வால்யூமும், அதாவது கை மாறுற ஷேர் எண்ணிக்கையும் ஏறுது, ஆஹா யாரோ விஷயம் தெரிஞ்சவங்க வாங்குறாங்கன்னு தோணும். விலையை நம்பாதவன்கூட வால்யூமை நம்பிடுவான், கூட்டம் பொய் சொல்லாதுன்னு ஒரு நினைப்பு. அந்தக் கூட்டமே ஒரே ஆள்னு யாருக்குத் தெரியும்? இதெல்லாம் டெலிகிராம் வந்ததுக்கு அப்புறம் வந்த வித்தை இல்ல. 1920கள்ல நியூயார்க் சந்தையில இதுக்குன்னே பல பேர் பணத்தைச் சேர்த்து 'பூல்'னு ஒரு கூட்டணி போடுவாங்க, 1929 மார்ச்ல ரேடியோ கார்ப்பரேஷன் ஷேரை ஒரு பூல் சுமார் ஒரு வாரத்துல ஏத்தி இறக்கி 50 லட்சம் டாலர் அளவுக்கு லாபம் பார்த்துச்சு. அப்ப அது பெரும்பாலும் சட்டப்படி குத்தமே இல்ல, 1934ல சட்டம் போட்டுதான் அமெரிக்காவுல அந்தக் கை மாத்துற விளையாட்டைத் தடை பண்ணாங்க.

அப்பர் சர்க்யூட்னு எழுதியிருந்தீங்க. ஒரு நாளைக்கு இவ்ளோதான் ஏறலாம்னு வரம்பு வச்சிருக்கிற சந்தைகள்ல இது ஒரு தனி வித்தை. ஷேர் காலையிலயே வரம்பைத் தொட்டு நிக்கும், வாங்க ஆயிரம் பேர் வரிசையில, விக்க ஒருத்தனும் இல்ல. நாமளும் ஆர்டர் போடுவோம், கிடைக்காது, மறுநாள் போடுவோம், கிடைக்காது. கிடைக்கலைன்னாலே அதுக்கு மதிப்பு ஏறிடும், எதுக்கு வாங்க வந்தோம்ங்கிறதே மறந்து போய் கிடைச்சா போதும்னு ஆயிடும். அப்புறம் ஒரு நாள் ஆர்டர் நிறைவேறிடும். நீங்க 41ல வாங்கின அன்னைக்கு சந்தோஷப்பட்டீங்களா இல்லையா, உண்மையைச் சொல்லுங்க. அத்தனை நாள் யாரும் விக்கல, அன்னைக்கு மட்டும் உங்களுக்கு வித்தது யாரு?

அதுக்கு முன்னாடி இன்னொண்ணும் நடந்திருக்கும், பழைய சார்ட்டை எடுத்துப் பாருங்க. 20ல இருந்து 41க்குள்ள எங்கயாவது ரெண்டு மூணு நாள் பொத்துன்னு விழுந்து உடனே எழுந்திருக்கும். அது உங்களுக்கு எடுத்த பாடம். விழுந்தா பயப்படக்கூடாது, விழும்போதுதான் வாங்கணும், பயந்து வித்தவன் முட்டாள்னு காசில்லாம சொல்லிக் குடுத்துட்டான். அந்தப் பாடத்தைத்தான் நீங்க 30ல ஒழுங்கா எழுதிக் காட்டினீங்க. அவன்கிட்ட இன்னும் சரக்கு மிச்சமிருக்கு, இறங்குற வழியிலயும் வாங்க ஆள் வேணுமே.

இங்கதான் பேராசைங்கிற வார்த்தை பத்தாம போகுது. ஏறும்போது ஆசை வேலை செஞ்சிருக்கலாம், ஆனா இறங்கும்போது வேலை செய்யறது நப்பாசை. வாங்கின விலை வந்துட்டா போதும், ஒரு பைசா லாபம் வேணாம், வித்துட்டு ஓடிடுறேன் சாமின்னு வேண்டிக்கிறவன் எந்த ஊர்ல பேராசைக்காரன்? 1979ல கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல் அறிஞர்கள் இதைப் பத்தி எழுதினாங்க: லாபத்துல இருக்கிறவன் கையில வந்தது போதும்பான், அதே ஆள் நஷ்டத்துல மாட்டினா அதை ஒத்துக்கிறதை விட இன்னும் பெரிய ரிஸ்க் எடுக்கத் துணிவான். 1985ல ஷெஃப்ரின், ஸ்டாட்மன்னு ரெண்டு பேர் இதையே பங்குச் சந்தைக்குப் பொருத்திப் பார்த்தாங்க, லாபத்துல இருக்கிறதை சீக்கிரம் வித்துட்டு நஷ்டத்துல இருக்கிறதை கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்னு. நம்ம ஊர் பாஷையில, தலைக்கு மேல வெள்ளம் போனா ஜாண் என்ன முழம் என்ன. அந்த நிலைமைக்கு வந்தவன் விக்க மாட்டான், அவன் விக்காம இருந்தா ஆபரேட்டருக்குப் போட்டியா விக்க ஆள் கம்மி. குரூப்ல "கையை விடாதீங்க, வலுவான கைதான் ஜெயிக்கும்"னு திரும்பத் திரும்பப் போடுறது அதுக்குத்தான், சந்தேகம் கேக்கிறவனை நாலு பேர் சேர்ந்து கேவலப்படுத்துறதும் அதுக்குத்தான்.

எனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு சொல்றேன். 1814 பிப்ரவரி 21, இங்கிலாந்து. நெப்போலியனோட சண்டை வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டுக் கிடக்கு. விடியறதுக்கு முன்னாடி டோவர்ல ராணுவ அதிகாரி டிரெஸ்ல ஒருத்தன் வந்து நெப்போலியன் செத்துட்டான்னு சொல்றான், சேதி லண்டனுக்குப் போகுது, அரசாங்கக் கடன் பத்திரம் விலை சரசரன்னு ஏறுது. கொஞ்ச நேரத்துல, அரசாங்கம் ஒண்ணும் சொல்லலையேன்னு ஜனங்களுக்கு சந்தேகம் வந்து விலை தளருது. சரியா அந்த நேரம் பார்த்து, வெற்றிக்கு அடையாளமா லாரல் இலை கட்டின ஒரு குதிரை வண்டி, உள்ள பிரெஞ்சு அதிகாரி வேஷத்துல ஆளுங்க, துண்டுச் சீட்டு வீசிக்கிட்டே லண்டன் தெருவுல போகுது. விலை மறுபடி ஏறுது. மத்தியானத்துக்கு மேல எல்லாம் பொய்னு தெரிஞ்சு விலை படுத்துருச்சு, அதுக்குள்ள முந்தியே வாங்கி வச்சிருந்தவங்க வித்துட்டாங்க. அன்னைக்கு வாங்கினவங்க எல்லாம் பேராசைக்காரங்களா? சண்டை முடிஞ்சா தேவலாம்னு ஏங்கினவங்களும் அதுல இருந்திருப்பாங்க. சந்தேகம் வந்ததும் வந்துச்சு பாருங்க ரெண்டாவது வண்டி, அதை அனுப்பத் தெரிஞ்சவன்தான் ஆபரேட்டர். உங்களுக்கும் ரெண்டாவது வண்டி வந்திருக்கும், 30 பக்கத்துல ஏதோ 'பெரிய ஆர்டர்' நியூஸ்னு.

என் சொந்தக் கதையும் ஒண்ணு இருக்கு, சுருக்கமா சொல்லிடுறேன். பல வருஷத்துக்கு முன்னாடி தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லி ஒரு ஷேர் வாங்கி முக்கால்வாசி போச்சு, மூணு வருஷம் வீட்ல சொல்லல. போன காசை விட அந்த மூணு வருஷம்தான் பெரிய தண்டனை. நீங்க சொல்லிட்டீங்க, திட்டு வாங்கினாலும் பரவாயில்ல. வெக்கப்பட்டு வாயை மூடிக்கிறவங்கதான் இந்தக் கூட்டத்துக்குப் பெரிய பாதுகாப்பு.

விக்கவா வச்சிருக்கவான்னு கேட்டிருக்கீங்க. அந்த ஷேர் பேரும் நீங்க சொல்லல, சொன்னாலும் நான் பதில் சொல்லக்கூடாது. கணக்கு மட்டும் சொல்றேன், 14 திரும்ப 41 ஆகணும்னா கிட்டத்தட்ட மூணு மடங்கு ஏறணும். போன தடவை அதை ஏத்தினவன் வித்துட்டு வெளிய போயிருந்தா இந்தத் தடவை ஏத்தப் போறது யாரு? கம்பெனிக்கு நிஜமா வியாபாரமும் லாபமும் இருக்கான்னு ஆண்டறிக்கையை எடுத்துப் படிங்க, 41ங்கிற நம்பரை மறந்துட்டுப் படிங்க. அந்த நம்பர் உங்க மனசுல மட்டும்தான் இருக்கு, கம்பெனிக்கு அது தெரியாது.

குரூப்ல இருந்து கோவத்துல உடனே வெளிய வந்துடாதீங்க. யார் எந்தத் தேதியில என்ன சொன்னாங்கன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, அட்மின் அழிக்கிறதுக்கு முன்னாடி. சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு புகார் குடுக்க அதுதான் உதவும், காசு திரும்ப வரும்னு சொல்லல, ஆனா தேதி போட்ட ஆதாரம் இருந்தா புகாருக்கு வலு கூடும். அப்புறம் இன்னும் கொஞ்ச நாள்ல உங்களுக்கு ஒரு போன் வரலாம், ரொம்ப மரியாதையா பேசுவாங்க, உங்க நஷ்டத்தை மீட்டுத் தர்றோம், முன்பணம் மட்டும் கட்டுங்கன்னு. ஏமாந்தவங்க லிஸ்டையும் விக்கிறாங்க. அந்த போனை எடுத்தா பேசாம வச்சிடுங்க.