நர்சிங் கல்லூரியில் மனநலத் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நான் தென்மாவட்டம் ஒன்றில் தனியார் நர்சிங் கல்லூரியில் மனநலப் பிரிவு டியூட்டராக இருக்கிறேன். 240 பேர் படிக்கிறார்கள், பெரும்பாலோர் ஹாஸ்டல். போன மாதம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வார்டில் முதன்முதலாக ஒரு நோயாளி இறப்பதைப் பார்த்துவிட்டு நான்கு நாள் சாப்பிடவில்லை. அதிலிருந்து "நர்ஸ்களே நடத்தும் மனநலத் திட்டம் ஒன்றை ஆரம்பியுங்கள், மாணவிகளுக்கும் வேண்டும், நம் மருத்துவமனை சுகர் ஓ.பி.க்கும் வேண்டும்" என்கிறார் பிரின்சிபால். எல்லோருக்கும் பிஎச்க்யூ-9 படிவம் (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள்) கொடுத்துத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சரியா? நர்ஸ்கள் இதையெல்லாம் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் படிவத்தை இப்போதைக்கு உள்ளே வையுங்கள்.

காரணம் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படித்தான் தொடங்கினோம். ஒரு சனிக்கிழமை, ஆடிட்டோரியத்தில் எல்லோருக்கும் படிவம். போட்டோ எடுத்தோம், டீ, சமோசா கொடுத்தோம். படிவங்களைக் கட்டி பீரோவில் வைத்தோம். பொங்கல் விடுமுறை முடிந்து வந்து கூட்டிப் பார்த்தபோதுதான் ஒன்பதாவது கேள்விக்குச் சில பிள்ளைகள் "ஆம்" பக்கம் டிக் அடித்திருந்தது தெரிந்தது. உயிரோடு இருப்பதைவிடச் செத்துப்போவது மேல் என்ற எண்ணமோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று கேட்பது அந்தக் கேள்வி. இரண்டு வாரமாக ஒருவரும் அவர்களைக் கூப்பிட்டுப் பேசவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் சாமர்த்தியம் இல்லை. அந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, சொல்லியும் பார்த்தாயிற்று, ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, "ஆம்" என்று ஒருத்தி சொன்னால் அதே நாளில் அவள் யார் முன்னால் உட்காருவாள் என்று முடிவு செய்வது. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு இருக்கும். (1996-ல் நாட்டிலேயே முதல் நான்கு மாவட்டங்களில் அந்தத் திட்டம் தொடங்கியபோது நம் திருச்சியும் அதில் ஒன்று.) நேரில் போய் அந்த மனநல மருத்துவரைப் பாருங்கள். எந்த நாள் ஓ.பி., அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது, கூட யார் போவது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நம் தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு. இவற்றை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதைவிடக் குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டு முன் நின்று அந்த எண்ணை எந்தப் பெண்ணும் குறித்துக்கொள்ள மாட்டாள்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கசப்பானது. மாணவிகளின் ஆலோசகராக நீங்கள் இருக்கக் கூடாது. உங்களுக்குத் திறமை இல்லை என்று சொல்லவில்லை. இன்டர்னல் மார்க் போடும் கை உங்களுடையது. "ராத்திரி தூக்கம் வரவில்லை மேடம், மனசு சரியில்லை" என்று உங்களிடம் சொன்ன பெண், அடுத்த வாரம் கேஸ் பிரசன்டேஷனுக்கு உங்கள் முன்னால்தான் நிற்க வேண்டும். சொல்ல மாட்டாள். சொன்னாலும் பாதிதான் சொல்வாள். கேட்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும்: வெளியிலிருந்து வரும் ஆலோசகர், அல்லது கல்லூரியோடு சம்பந்தமில்லாத மருத்துவமனை நர்ஸ், அதாவது மனநல நர்சிங்கில் பயிற்சி பெற்றவர். நிர்வாகம் செலவைப் பற்றிப் பேசினால், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலைக் காட்டுங்கள். 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும் என்கிறது அது. உங்களிடம் 240 பேர் இருக்கிறார்கள். வாதத்துக்கு அதுவே போதும்.

அப்படியானால் நீங்கள் என்ன செய்வது? உங்களால் மட்டுமே முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. அது வார்டில்.

அந்த இரண்டாம் ஆண்டுப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். நோயாளி இறந்தார். உடலைச் சுத்தம் செய்து, துணி சுற்றி அனுப்பும் வேலையில் அவளும் நின்றிருப்பாள். அது முடிந்ததும் யாரோ "அடுத்த பெட் வைட்டல்ஸ் எடும்மா" என்றிருப்பார்கள். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறி ஹாஸ்டல் போய், ரெக்கார்ட் எழுத உட்கார்ந்திருப்பாள். நடுவில் ஒருவராவது "இதுதான் உனக்கு முதல் தடவையா?" என்று கேட்டார்களா? அந்த ஒரு கேள்வி பெரிய வேலை செய்யும். உலக சுகாதார நிறுவனம் உளவியல் முதலுதவிக்கு மூன்று சொல் வைத்திருக்கிறது. தமிழில் பார், கேள், சேர் என்று வைத்துக்கொள்ளலாம். யார் முகம் வெளிறி நிற்கிறார்கள் என்று பார்ப்பது. அவர்கள் பேசினால் கேட்பது. பிறகு சாப்பாடு, தூக்கம், தோழி, வீட்டுக்கு ஒரு போன் என்று எது தேவையோ அதோடு சேர்த்துவிடுவது. பத்து, பதினைந்து நிமிட வேலை. அன்று மாலை ரெக்கார்டிலிருந்து அவளுக்கு விடுப்பு கொடுத்தால் இன்னும் நல்லது.

இங்கே ஒரு தவறு வழக்கமாக நடக்கும். நல்ல எண்ணத்தில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, "என்ன நடந்தது, எப்படி இருந்தது, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்று கட்டாயப்படுத்துவார்கள். அதிர்ச்சிக்குப் பின் இப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது உதவுவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்பதால் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புகிறவள் பேசட்டும். விரும்பாதவள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கட்டும். இரண்டு வாரம் கழித்தும் தூக்கம், சாப்பாடு திரும்பவில்லை என்றாலோ, வார்டுக்கு வரவே பயப்படுகிறாள் என்றாலோ, அது ஆலோசகர் பார்க்க வேண்டிய விஷயம்.

மனநல போஸ்டிங்கையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை மாதிரி இடங்களுக்கு மாணவிகளை அழைத்துப் போகிறோம். ஹிஸ்டரி எழுதச் சொல்கிறோம். அங்கே உட்கார்ந்திருக்கும் நோயாளியின் பேச்சில் தன் அம்மாவையோ அண்ணனையோ பார்க்கிற பெண் ஒவ்வொரு பேட்சிலும் இருப்பாள். வகுப்பில் இதைச் சொல்ல முடியாமல் கழிப்பறையில் அழுதுவிட்டு வருவாள். போஸ்டிங்குக்கு முந்தின வாரமே, "யாருக்காவது இந்த வார்டு கஷ்டமாக இருக்கும் என்று தோன்றினால், காரணம் சொல்ல வேண்டாம், ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள், கேஸை மாற்றித் தருகிறேன்" என்று அறிவித்துவிடுங்கள். காரணம் கேட்காததுதான் இதில் முக்கியம்.

இன்னொன்று, நிர்வாகத்துக்குப் பிடிக்காதது. 1950-களின் கடைசியில் லண்டனில் ஒரு போதனா மருத்துவமனை, மாணவ நர்ஸ்களை வைத்து டியூட்டி ஓட்ட முடியவில்லை என்று தவித்து, இசபெல் மென்சிஸ் என்ற உளப்பகுப்பாய்வாளரைக் கூப்பிட்டது. சேர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் படிப்பை முடிக்காமல் போய்க்கொண்டிருந்தார்கள், அதிலும் பெரும்பாலோர் தாங்களாகவே. அவர் கண்டது, பிள்ளைகளின் மனம் பலவீனமாக இல்லை. நோயாளியோடு ஒட்டுதல் வந்துவிடக் கூடாது என்றே வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, மாணவிகளை வார்டு வார்டாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த ஏற்பாடுதான் அவர்களை விரட்டியது. நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலும் உறுப்பாலும் குறிப்பிடுவதையும் அவர் எழுதியிருக்கிறார். நம் வார்டுகளில் இன்றைக்கும் காதில் விழுகிற பேச்சுதான். உங்கள் டியூட்டி ரோஸ்டரை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஆள் பற்றாக்குறைக்கு மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தொடர்ந்து நைட் போட்டு, காலையில் தியரி வகுப்பிலும் உட்காரவைக்கிறீர்கள் என்றால், மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து என்ன பயன்?

இனி சுகர் ஓ.பி. இங்கே நிலைமை வேறு. நர்ஸ் முன்னின்று நடத்தினால் பலன் கிடைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 14 கிளினிக்குகளில், சர்க்கரையோ இதய நோயோ இருந்து மனச்சோர்வும் இருந்த 214 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2010-ல் வந்தது. நர்ஸ்கள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் பார்த்தார்கள். வாரம் ஒரு நாள் மனநல மருத்துவரோடும் பொது மருத்துவரோடும் உட்கார்ந்து யார் தேறவில்லை என்று பேசினார்கள். ஒரு வருடத்தில் மனச்சோர்வு மட்டுமில்லை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாமே வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகக் குறைந்தன. இதே மாதிரியை நம் ஊருக்கேற்ப மாற்றி, சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி சர்க்கரை கிளினிக்குகளில் 404 பேரிடம் செய்து பார்த்தார்கள். அதன் முடிவு 2020-ல் வெளியானது. அங்கே நோயாளிகளைப் பின்தொடர்ந்தவர்கள் டாக்டர் அல்லாத ஒருங்கிணைப்பாளர்கள். அங்கேயும் பலன் தெரிந்தது.

இரண்டிலும் வேலை செய்தது படிவம் இல்லை. விடாமல் பின்தொடர்ந்ததும், தேறாதவரைப் பற்றி வாரா வாரம் மேலே பேச ஓர் ஆள் இருந்ததும்தான். இந்த இரண்டும் இருந்தால் ஓ.பி.யில் படிவத்தை எடுக்கலாம். முதல் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தவர்களுக்கு மட்டும் ஒன்பதையும் கேளுங்கள். மொத்தம் 27-க்கு 10 வந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்விக்கு 1 வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல், அன்றே தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம், அப்படி வராது. ஆபத்து தெரிந்தால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தும் வீட்டிலிருக்கும் மாத்திரைகளும் கைக்கு எட்டாமல் இருக்க உறவினரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளியிடம் இந்தக் கூட்டல் ஏமாற்றவும் செய்யும். இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தால் தூக்கம் போகும், சர்க்கரை ஏறினால் அசதி வரும். இரண்டும் மதிப்பெண்ணை ஏற்றிவிடும். அசதி வேறு காரணத்தாலும் வரலாம் என்பதால் ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்தார்களா என்றும் கவனியுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. நம் ஊரில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று வருவதில்லை. "கை கால் எல்லாம் விட்டுப்போச்சு சிஸ்டர்", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "எதுவுமே பிடிக்கல". அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

பிறகு நர்ஸ் செய்யக்கூடியது எளிமையான ஒன்று. மனம் சோர்ந்தவர் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருவார். விட்டதனால் இன்னும் சோர்வார். அதைத் திருப்புவதுதான் வேலை. "முன்னெல்லாம் காலையில் என்ன செய்வீங்கம்மா?" என்று கேளுங்கள். "கோலம் போடுவேன், இப்போ மருமகதான்" என்பார். இந்த வாரம் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும் நீங்கள் போடுங்கள், சின்னதாக நாலு புள்ளி போதும் என்று சுகர் நோட்டிலேயே எழுதிக்கொடுங்கள். அடுத்த முறை ஊசி, மாத்திரை கேட்பதற்கு முன் கோலத்தைப் பற்றிக் கேளுங்கள். போடவில்லை என்றால் திட்டாமல், இன்னும் சின்னதாக்குங்கள். மருந்து தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை. அதில் கை வைக்க வேண்டாம்.

ரகசியம் பற்றி இரண்டே வரி. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும், அதை முதலிலேயே அவர்களிடம் தெரிவித்துவிடுங்கள். மற்றபடி பிரின்சிபாலுக்கோ வார்டனுக்கோ போகக் கூடாது, நடத்தை ரெக்கார்டில் ஏறக் கூடாது, பெற்றோருக்குப் போன் போடுவதென்றால் அவளைக் கேட்டுவிட்டு.

திட்டம் நடக்கிறதா என்று பார்க்க, எத்தனை முகாம் என்று எண்ணாதீர்கள். இரண்டாவது முறையும் வந்தவர்கள் எத்தனை, அனுப்பப்பட்டவர்களில் டாக்டர் வரை போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை, இரண்டை மட்டும் பெயரில்லாமல் குறித்து வையுங்கள். முதல் இரண்டு மாதம் ஒருத்தியும் வராவிட்டால், பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை என்று எழுதிவிட வேண்டாம். ஆலோசகர் அறை பிரின்சிபால் அறைக்கு எதிரே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.