தொழில்திறன் கல்லூரியில் மாணவரின் உரிமைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு, ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனப் பழுதுபார்ப்புப் பயிற்சியில் சேர்ந்தான். விளம்பரத் தாளில் காட்டிய பட்டறையும் கருவிகளும் அங்கு இல்லை. எழுத்துப் பாடம் மட்டுமே நடக்கிறது. விலகிக்கொள்கிறோம் என்றால், கட்டிய 3,500 ரிங்கிட்டைத் தர முடியாது, மீதிக் கட்டணத்தையும் கட்டினால்தான் அசல் எஸ்.பி.எம். சான்றிதழைத் தருவோம் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது, ஐயா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, கட்டணத் தகராறு ஒரு பக்கம் இருக்கட்டும், சான்றிதழை முதலில் மீட்டுவிடுங்கள். அது உங்கள் மகன் படித்துப் பெற்றது. பாக்கிக்காக அடகில் வைத்துக்கொள்ள அது நகை அல்ல. இன்ன தேதிக்குள் அசலைத் திருப்பித் தர வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் அலுவலக முத்திரையையும் பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி கடந்தும் தராவிட்டால், நகலோடு போலீஸ் நிலையத்திற்குச் சென்று புகார் செய்யுங்கள். அதற்கிடையில் வேலைக்கோ வேறு கல்லூரிக்கோ விண்ணப்பிக்க நேர்ந்தால், தேர்வு வாரியத்திடம் உறுதிப்படுத்தப்பட்ட தேர்வு முடிவு அறிக்கைக்கு விண்ணப்பிக்கலாம்.

இனி பணத்திற்கு வருவோம். ‘கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி இருக்கும். பெற்றோர் பலர் அதைப் பார்த்ததுமே மனம் தளர்ந்து வீடு திரும்பிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியோடு விவகாரம் முடிந்துவிடாது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமற்ற ஒப்பந்த விதிகளைக் கேள்விக்கு உட்படுத்தும் தனிப் பகுதியே 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி சேர்க்கப்பட்டது. வாக்களித்த பட்டறைப் பயிற்சி தரப்படவில்லை என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி. ஆகவே விளம்பரத் தாள், பாட அட்டவணை, ரசீதுகள், பட்டறையின் இன்றைய நிலையைக் காட்டும் படங்கள், நிலையத்தோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். பயனீட்டாளர் கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைத் தாக்கல் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். படிவத்தை நிரப்பத் தயக்கமாக இருந்தால், ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடி ஆலோசனை கேளுங்கள்.

எந்த அமைச்சிடம் முறையிடுவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் நிலையங்கள் மனிதவள அமைச்சின்கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்றவை. டிப்ளோமா நடத்தும் தனியார் கல்லூரிகள் உயர்கல்வி அமைச்சின் பார்வையில் இருப்பவை. அரசாங்கத்தின் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்குக் கல்வி அமைச்சே பொறுப்பு. உங்கள் மகன் படிக்கும் அதே பயிற்சிக்கு, அதே நிலைக்கு அங்கீகாரம் உண்டா என்று திறன் மேம்பாட்டுத் துறையிடம் இன்றே விசாரியுங்கள். நிலையத்திற்கு அங்கீகாரம் இருப்பதாலேயே அங்கு நடக்கும் எல்லாப் பயிற்சிகளுக்கும் அது இருப்பதாகக் கொள்ள முடியாது. திறன் பயிற்சிக்குக் கடன் தரும் அரசாங்க நிறுவனமான பி.டி.பி.கே.யில் கடன் எடுத்திருந்தால், விலகும் செய்தியை அந்த நிறுவனத்திற்கும் உடனே எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். மகன் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டதாலேயே கடன் நின்றுவிடாது.

கேள்வி: டிப்ளோமா படிப்பின் ஒரு பகுதியாக ஒரு ஹோட்டலில் தொழில் பயிற்சியில் இருக்கிறேன். எனக்கு மேலாளராக இருப்பவர் இரவு நேரங்களில் ஆபாசமான செய்திகள் அனுப்புகிறார். என் மதிப்பெண் படிவத்தில் கையெழுத்திடுபவரும் அவரே. புகார் செய்தால் படிப்பு கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன்.
– ஒரு மாணவி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தங்கையே, இதில் உன் தவறு எள்ளளவும் இல்லை. அந்தச் செய்திகளை அழித்துவிடாதே. அனுப்பியவரின் எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்து, உன் கைப்பேசியில் மட்டுமின்றி நம்பிக்கையான ஒருவரிடமும் கொடுத்து வை. பிறகு பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளருக்கும் மாணவர் நலப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, பயிற்சி இடத்தை மாற்றித் தரும்படியும், உன்னை மதிப்பிடும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கும்படியும் கேள். உன்னை அங்கே அனுப்பியது கல்லூரி. அனுப்பிய இடத்தில் நீ பாதுகாப்பாக இருக்கிறாயா என்று பார்ப்பதும் அதன் கடமைதான்.

‘நீ எங்கள் ஊழியர் அல்ல’ என்று ஹோட்டல் நிர்வாகம் தட்டிக்கழித்தாலும் உனக்கு வழி இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் முதலாளி – தொழிலாளி உறவோடு நின்றுவிடுவதில்லை. சொல்லாலும் சைகையாலும் படத்தாலும் செய்யப்படும் தொல்லையையும் அது உள்ளடக்குகிறது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றம் மூடிய அறையில் விசாரிக்கிறது. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. மிரட்டலோ தொடுதலோ நேர்ந்திருந்தால் போலீஸ் புகாரைத் தள்ளிப்போடாதே. மனம் விட்டுப் பேச வேண்டுமென்றால் கல்லூரியின் பதிவுபெற்ற ஆலோசகரிடம் போ. நீ சொல்வதை இரகசியமாகக் காக்க 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது. நள்ளிரவானாலும் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

கேள்வி: எனக்கு எழுத்துகளை வாசிப்பதில் சிறு வயதிலிருந்தே சிரமம் உண்டு, டிஸ்லெக்சியா என்று மருத்துவர் கூறியிருக்கிறார். கைவேலையில் குறையில்லை; எழுத்துத் தேர்வில்தான் நேரம் போதுவதில்லை. கூடுதல் நேரம் கேட்கலாமா?
– ஒரு மாணவர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். டிஸ்லெக்சியா கற்றல் குறைபாட்டுப் பிரிவில் அடங்குவதால், மருத்துவரின் உறுதிப்பாட்டோடு சமூகநலத் துறையில் உடற்குறையுடையோருக்கான ஓ.கே.யூ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம், கல்விக்கான வாய்ப்பை அவர்களின் உரிமையாகவே வைத்திருக்கிறது. தேர்வு நெருங்கும்வரை காத்திராமல், தவணையின் தொடக்கத்திலேயே மருத்துவ அறிக்கையை இணைத்துத் தேர்வுப் பிரிவுக்கு எழுதுங்கள். கூடுதல் நேரமா, வினாக்களை வாசித்துக் காட்ட ஒருவரா, உங்களுக்கு எது தேவை என்பதையும் அதில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.