பி2 சிப்பாயைத் தொடலாமா? கேள்வி பதில்

போன ஞாயிறு சேலத்தில் நடந்த ஓபன் செஸ் போட்டியில், கறுப்புக் காய்களுக்கான சிசிலியன் நஜ்டார்ஃப் என்கிற தொடக்க ஆட்டத்தை ஆடி ஒரு பன்னிரண்டு வயசுப் பையனிடம் தோற்றேன். அதைச் சொன்னதிலிருந்து பல ஊர்களிலிருந்தும் ஒரே கேள்விமயம். (பி2, ஜி5 எல்லாம் பலகைக் கட்டங்களின் பெயர்; பி2இல் நிற்பது வெள்ளையின் சிப்பாய்.)

ஓமலூர்: எங்கே தவறியது அண்ணா?

6ஆவது நகர்த்தலில் பிஷப்பை ஜி5இல் வைத்தான், நான் ஈ6, அவன் எஃப்4. நான் ராணியை பி6க்குக் கொண்டுவந்தேன், அவன் ராணி டி2, உடனே பி2 சிப்பாயை வெட்டினேன். அதுவரை தப்பில்லை. யானை பி1, என் ராணி ஏ3, அப்புறம் எஃப்5, 13இல் ஈ5 என்று அவன் யோசிக்காமல் கொட்டிக்கொண்டே வந்து 15ஆவதில் குதிரையை ஈ4இல் வைத்தான். ஏற்காடு பஸ் டிரைவருக்கு 20 கொண்டை ஊசி வளைவும் கைக்குப் பழக்கம். எனக்கோ 15ஆவது வளைவிலேயே பாதை மறந்துபோச்சு. 35 நிமிடம் யோசித்தேன். கடைசியில் கடிகாரம்தான் என்னைத் தோற்கடித்தது.

ஆத்தூர்: பி2 வெட்டியதும் என் ராணி மாட்டிக்கொண்டதே?

8ஆவதாக வெள்ளை ராணி டி2 ஆடினாரா, ஏ3 தள்ளினாரா? ஏ3 என்றால் அந்தச் சிப்பாய் பக்கமே போகாதீர்கள். நீங்கள் வெட்டியதும் குதிரை ஏ4 வரும், ராணிக்கு ஒரு கட்டம்கூட மிஞ்சாது. பலகையில் வைத்துப் பாருங்கள், வயிறு எரியும்.

ஏற்காடு: இங்கே மேலே நெட் விட்டு விட்டுத்தான் வருது. இன்ஜின் (நகர்த்தல் கணக்குப் போடும் செஸ் மென்பொருள்) இல்லாமல் எப்படிப் படிப்பது?

இல்லாததே நல்லது. 1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கியும் ஃபிஷரும் மோதிய உலக சாம்பியன் போட்டியின் 7ஆவது, 11ஆவது ஆட்டங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டிலும் கறுப்பில் ஃபிஷர் இதே பி2வை வெட்டினார். முன்னது டிரா. பின்னதில் ஸ்பாஸ்கி 14ஆவதாகக் குதிரையைத் திரும்ப பி1க்கே இழுத்தார்! பின்வாங்குகிற மாதிரிதான் தெரியும், ஆனால் பத்து நகர்த்தல் கழித்து ஏ4 தள்ளியதும் ஃபிஷர் ராணி போச்சு. மேட்ச்சை என்னவோ ஃபிஷர்தான் 12½-8½ என்று ஜெயித்தார்.

மேட்டூர்: என் பொண்ணுக்கு ரேட்டிங் 1450. நஜ்டார்ஃப் சொல்லித் தரலாமா சார்?

தாராளமா. 7ஆவதில் பிஷப் ஈ7 ஆடட்டும், பி2 ஆசை இப்போதைக்கு வேண்டாம்.

ஓமலூர்: அதே பையன் மறுபடி எதிரே உட்கார்ந்தால்?

மறுபடியும் பி2தான். குதிரை ஈ4 வந்தால் ராணியால் ஏ2வையும் வெட்ட வேண்டுமாம், வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தேன்.