தேங்க்ஸ்கிவிங் ஸ்டஃபிங்கை வீட்டிலேயே செய்வது கஷ்டமா? கடையில் பெட்டியில் வரும் தயார்க் கலவையே போதாதா?

கஷ்டமெல்லாம் இல்லை. ஆனால் முதல் நாளே ரொட்டியை வெட்டிக் காயவைக்கப் பொறுமை இல்லை என்றால் பெட்டியே வாங்கிவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. மூன்று வருஷம் சொதப்பிய அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில். வந்த புதிதில் நவம்பர் நாலாவது வியாழக்கிழமை, அதாவது வான்கோழி சுட்டு விருந்து வைக்கிற தேங்க்ஸ்கிவிங் என்ற அமெரிக்கப் பண்டிகை, எங்களுக்கு ஒரு ஊரடங்கு நாள் மாதிரி. கடை பாதி மூடியிருக்கும், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது, நாங்கள் சாம்பார் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவோம். பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வந்தது வினை. "எல்லார் வீட்டுலயும் ஸ்டஃபிங் இருக்கு, நம்ம வீட்டுல மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டாள். வான்கோழி இல்லாதது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, ஸ்டஃபிங் இல்லாததுதான் குறை.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. காய்ந்த ரொட்டித் துண்டுகளை, வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், செலரித் தண்டு, சேஜ், தைம் மாதிரியான மூலிகைகளோடு கலந்து, சூப்புத் தண்ணீர் (இங்கே பிராத் என்பார்கள்) ஊற்றி அவனில் (ரொட்டி, கேக் சுடுகிற ஓவன் அடுப்பில்) சுட்டு எடுப்பதுதான் ஸ்டஃபிங். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. வான்கோழியின் வயிற்றில் திணித்துச் செய்ததால் அந்தப் பெயர். தெற்கு மாநிலங்களில் பெரும்பாலும் சோள ரொட்டியில் செய்து அதை டிரெஸ்ஸிங் என்பார்கள். எங்கள் பக்கத்தில் ஜெர்மன் வழி வந்த பழைய குடும்பங்களுக்கு அது ஃபில்லிங், அதில் மசித்த உருளைக்கிழங்கும் சேரும். சிலர் இதில் சிப்பி போடுவார்கள், சிலர் செஸ்ட்நட் போடுவார்கள். நான் சொல்லப்போவது எல்லாருக்கும் ஒத்துவரும் சாதா வெள்ளை ரொட்டி ஸ்டஃபிங்.

முதல் வருஷம் நான் செய்த தப்பு ரொட்டியில். சாண்ட்விச்சுக்கு வாங்குகிற மெத்தென்ற ரொட்டியை அப்படியே பிய்த்துப் போட்டு, ஒரு அட்டை டப்பா பிராத்தை முழுக்க ஊற்றிவிட்டேன். அந்த டப்பாவில் 4 கப் இருக்கும் என்பது ஊற்றி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. வந்தது களி. உளுந்தங்களியாக இருந்தால் நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிட்டிருக்கலாம், இதற்கு அந்த மரியாதையும் இல்லை. இரண்டாம் வருஷம் பயத்தில் தண்ணீரைக் குறைத்தேன், விக்கல் வந்தது. மூன்றாம் வருஷம் பதம் சரி, ஆனால் காய்ந்த சேஜ் பொடியை மூன்று மேசைக்கரண்டி கொட்டிவிட்டேன். வீடு முழுக்கக் கஷாய வாசனை. அந்த டிசம்பர் வரைக்கும் என் கணவர் அடுப்படிக்குள் வந்து "யாருக்கு ஜலதோஷம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் எதிர்வீட்டுப் பாட்டியிடம் போய் நின்றேன். அறுபது வருஷமாக ஸ்டஃபிங் செய்கிறவர். அவர் சமையல்குறிப்பு எதையும் எடுத்துக் காட்டவில்லை, ரொட்டியை எப்படிக் காயவைத்தாய் என்று மட்டும் கேட்டார். காயவைக்கவே இல்லை என்றதும் சிரித்துவிட்டார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. பழைய ரொட்டி வேறு, காய்ந்த ரொட்டி வேறு. இட்லியை ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் கல்லு மாதிரி இருக்கும், ஆவியில் காட்டினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும் இல்லையா? ஈரம் எங்கேயும் போகவில்லை, உள்ளே இருக்கிற மாவுச்சத்துதான் இறுகிப்போயிருக்கிறது. நாலு நாள் பழைய ரொட்டியும் பெரும்பாலும் அப்படித்தான். கெட்டியாக இருப்பதைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று ஏமாந்து பிராத்தை ஊற்றினால், ஏற்கெனவே உள்ளே ஈரம் இருப்பதால் அது குடிக்க இடமில்லாமல் கொழகொழவென்று ஆகும். தண்ணீரை அவனில் வைத்து வெளியேற்றினால்தான் அந்த இடத்தில் பிராத்தும் வெண்ணெயும் போய் உட்காரும். அதனால் ரொட்டி பழையதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை, இன்று வாங்கியதையே காயவைக்கலாம்.

அளவு சொல்கிறேன், எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும். 1 பவுண்டு, அதாவது 450 கிராம் ரொட்டி. கொஞ்சம் கெட்டியான இத்தாலியன் அல்லது பிரெஞ்சு ரொட்டி நல்லது. இனிப்புத் தூக்கலான ரொட்டி வேண்டாம். முக்கால் அங்குலச் சதுரமாக வெட்டி, பெரிய தட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 275 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (135 செல்சியஸ்) முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். சிவக்கக்கூடாது, ஆனால் ஒரு துண்டை எடுத்து உடைத்தால் நடுவில்கூட ரஸ்க் மாதிரி நொறுங்க வேண்டும். இதைப் புதன்கிழமை ராத்திரியே முடித்து, ஆறவிட்டு மூடி வைத்துவிடுங்கள். வியாழக்கிழமை அவனுக்கு வேறு நூறு வேலை இருக்கும்.

மறுநாள், வெண்ணெய் ஒரு கட்டி (இங்கே ஸ்டிக் என்பது, 113 கிராம்) உருக்கி, பொடியாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயமும் நாலு செலரித் தண்டும் போட்டு, மிதமான தீயில் பத்து நிமிஷம். நம் கை தானாகவே வெங்காயத்தைச் சிவக்க வதக்கப் பார்க்கும். கையைக் கட்டிப்போடுங்கள், இதற்குக் கண்ணாடிப் பதம் போதும், செலரி மட்டும் மெத்தென்று ஆகவேண்டும். அரை வதங்கல் செலரி சுட்ட பிறகும் நறுக் நறுக் என்று பல்லில் படும். இறக்குவதற்கு முன்னால் சேஜ், தைம், மிளகுத்தூள். பச்சை இலையாக இருந்தால் சேஜ் இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த பொடி என்றால் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள், என் கதை ஞாபகம் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கச் சோம்பல் என்றால் பெல்ஸ் சீசனிங் என்று வான்கோழிப் படம் போட்ட மஞ்சள் டப்பா கடையில் இருக்கும். பாஸ்டனில் 1867இல் தொடங்கிய மசாலா, சேஜ், ரோஸ்மேரி, தைம், இஞ்சி எல்லாம் அதற்குள்ளேயே. பார்ஸ்லியைக் கைப்பிடி நறுக்கிக் கடைசியில் போடலாம்.

இதையெல்லாம் பெரிய பாத்திரத்தில் ரொட்டியோடு புரட்டிவிட்டு, பிராத். இரண்டு கப்பில் ஆரம்பியுங்கள். அரை அரைக் கப்பாக ஊற்றி, கையால் புரட்டி, இரண்டு நிமிஷம் விட்டு, ஒரு துண்டை அழுத்திப் பாருங்கள். ஈரமாக அமுங்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது, பாத்திரத்தின் அடியில் குளம் கட்டக்கூடாது. எனக்கு வழக்கமாக இரண்டரைக் கப் பிடிக்கும், ரொட்டியைப் பொறுத்து மூன்றுகூட ஆகும். இந்த இடத்தில் அளவுக் கப்பை நம்புவதைவிட விரலை நம்பலாம், புட்டு மாவுக்குத் தண்ணீர் தெளித்துப் பிடித்துப் பார்ப்பது மாதிரிதான். உப்பு ருசி பார்க்க வேண்டியதும் இப்போதுதான். ரொட்டியில் உப்பு, வெண்ணெயில் உப்பு, கடை பிராத்தில் உப்பு என்று சேர்ந்துகொண்டே போகும், அதனால் உப்புக் குறைந்த பிராத் வாங்கிக்கொள்ளுங்கள். ருசி பார்த்த பிறகு இரண்டு முட்டையை அடித்து ஊற்றினால் வெட்டியெடுக்கும்படி சேர்ந்து நிற்கும். முட்டை இல்லாமலும் நன்றாகவே வரும், கொஞ்சம் உதிரியாக இருக்கும், அவ்வளவுதான்.

வெண்ணெய் தடவிய 9க்கு 13 அங்குலத் தட்டில் அமுக்காமல் போட்டு, அலுமினியத் தாள் மூடி, 350 டிகிரியில் (175 செல்சியஸ்) அரை மணி, பிறகு தாளை எடுத்துவிட்டு இன்னும் கால் மணியிலிருந்து இருபது நிமிஷம். மேல் துண்டுகளின் முனை பொன்னிறமாக வேண்டும். எங்கள் வீட்டில் மூலைத் துண்டுக்குத்தான் சண்டை.

வான்கோழி வயிற்றுக்குள் வைத்துச் சுடலாமா என்றால், நான் வைப்பதில்லை. பறவையின் சாறு முழுக்க ரொட்டிக்குள் இறங்குவதால் ருசி கூடும், உண்மைதான். ஆனால் பச்சை இறைச்சியின் சாறு இறங்கிய ரொட்டி என்பதால், ஸ்டஃபிங்கின் நடு மையமும் 165 டிகிரி (74 செல்சியஸ்) தொட்டாக வேண்டும். அது தொடுகிற வரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி நார் நாராகப் போய்விடும். வைத்தே தீருவேன் என்கிறவர்கள் அவனுக்குள் வைப்பதற்குச் சற்று முன்னால் திணியுங்கள், முதல் நாள் ராத்திரியே திணித்து வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். வெப்பமானி இல்லாமலும் வேண்டாம்.

தனியாகச் சுடுவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாமியார் சைவம், முட்டையும் கிடையாது. அவர் வந்திருந்த வருஷம் காய்கறி பிராத்தில் தனித் தட்டு செய்தேன். கடையில் கிடைக்கிற காய்கறி பிராத்தில் சில வகை காரட் வாசனையும் தித்திப்புமாக இருக்கும், அதற்குப் பதிலாக வெங்காயம், செலரியின் வால் பகுதி, நாலு காய்ந்த காளான், மிளகு போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். அதற்கே அவ்வளவு ருசி வந்ததில் இப்போது எல்லாருக்குமே அந்தத் தண்ணீர்தான். அத்தை இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "ஏம்மா, இதுக்கா ரெண்டு நாளா ஆர்ப்பாட்டம் பண்ணின? ரொட்டி உப்புமாதானே இது?" என்றார். கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்தால் அவர் சொன்னது தப்பில்லை, மிஞ்சின இட்லியை உதிர்த்துத் தாளிக்கிற அதே புத்திதான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது. மூன்றாவது கரண்டிக்கு ஊறுகாய் கேட்டார். கொடுத்தேன்.

பச்சை மிளகாய், கரம் மசாலா போடலாமா என்று நிச்சயம் யாராவது கேட்பீர்கள். போடலாம், நானும் ஒரு வருஷம் போட்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குத் தட்டில் பக்கத்திலேயே கிரேவியும் புளிப்பு கிரான்பெர்ரி சாஸும் இருக்கும். ஸ்டஃபிங் அடக்கமாக இருந்தால்தான் அவை எடுபடும். பெண் வேறு "இது ஸ்டஃபிங் இல்ல, மசாலா பிரெட்" என்று ஒதுக்கிவிட்டாள்.

சரி, பெட்டி. ஸ்டவ் டாப் என்ற அந்தச் சிவப்புப் பெட்டி 1972இல் வந்தது. ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனியில் இருந்த ரூத் சீம்ஸ் என்ற மனையியல் வல்லுநர்தான் அதை உருவாக்கியதில் முக்கியமானவர், காப்புரிமையில் முதல் பெயர் அவருடையது. அந்தக் காப்புரிமையின் சூட்சுமமே ரொட்டித் துண்டின் அளவுதான். ரொம்பச் சின்னதானால் தண்ணீர் பட்டதும் கூழாகும், ரொம்பப் பெரிதானால் நடுவில் நனையாது. சரியான அளவில் இருந்தால் வெந்நீரும் வெண்ணெயும் ஊற்றி மூடி ஐந்து நிமிஷத்தில் தயார். நான் ரொட்டியைப் பிய்த்துப் போடுவதை விட்டுவிட்டு ஒரே அளவாக வெட்ட ஆரம்பித்தது இதைப் படித்த பிறகுதான். சாதாரண நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு, பெட்டி தாராளமாகப் போதும். அதில் வராதது அந்த மேல் மொறுமொறுப்பு. அதை அடுப்பின் மேலேயே செய்கிறோம், அவனுக்குள் போவதே இல்லை, பிறகு மூலைத் துண்டு எங்கிருந்து வரும்?

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாலு நாள் தாங்கும். நான் மிஞ்ச வேண்டும் என்றே ஒரு தட்டு கூடுதலாகச் செய்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் அதை அடை கனத்துக்குத் தட்டி, தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுகவிட்டு, மேலே ஒரு ஆஃப் பாயில். முறுகுவதற்கு முன் திருப்பாதீர்கள், உடைந்துவிடும்.