அந்தக் குரங்கைத் தண்ணீரில் போடாதீர்கள்

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். நங்கநல்லூரில் வீடு. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் 600 ரூபாய்க்கு ஒரு பழைய குரங்கு பொம்மை வாங்கினேன். தலை, கை, கால் எல்லாம் தனித்தனியாகத் திரும்புகிறது. உடம்பெல்லாம் பழுப்பு ரோமம். முகம், காது, கை, பாதம் மட்டும் ஃபெல்ட் துணி. இடது காதில் சின்ன ஓட்டை. ஜெர்மனியின் ஸ்டைஃப் கம்பெனி பொம்மையாக இருக்கலாம் என்கிறார் நண்பர். லேசாக மக்கல் வாடை அடிக்கிறது. வாஷிங் மெஷினில் ஒரு சுற்று விட்டுப் பேரனுக்குக் கொடுக்கலாம் என்கிறாள் மருமகள். 'செத்த மிருகத்தின் தோல், சாமி அறை இருக்கிற வீட்டில் வேண்டாம்' என்கிறாள் மனைவி. எனக்கோ இன்னும் சேர்க்க ஆசை. வெளிநாட்டில் ஒருவர் காதில் பொத்தான் உள்ள பழைய கரடி பொம்மையை 38,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: சார், கரடி காத்திருக்கும். முதலில் மெஷின் பக்கத்திலிருந்து குரங்கை அப்புறப்படுத்துங்கள்.

அந்தக் காலத்து பொம்மைக்குள் பஞ்சு இருக்காது. நூல் போலச் சீவிய மரச்சுருளை இறுக்கித் திணித்திருப்பார்கள். அழுத்தினால் மொறுமொறுவென்று சத்தம் வரும். கை கால் திரும்புவதற்கு உள்ளே இரண்டு அட்டை வட்டுகள், நடுவில் ஒரு இரும்பு ஆணி. தண்ணீர் உள்ளே போனால் அட்டை ஊறும், ஆணி துருப்பிடிக்கும், மரச்சுருள் காயவே காயாது. அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு மோஹேர் (ஆட்டுமுடித் துணி) நாய்க்குட்டி பொம்மையை வாளியில் முக்கி, மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டேன். நான்காம் நாள் பின்னங்கால் தனியாகக் கையில் வந்தது. ஓட்டை வழியாக வெளியே வந்தது கூழ்.

சுத்தம் செய்ய வழி உண்டு. வேக்வம் கிளீனரின் வாயில் பழைய கொசுவலைத் துண்டைக் கட்டிக் குறைந்த வேகத்தில் தூசியை இழுங்கள். பிறகு ஈஸி மாதிரி கம்பளித் துணிக்கான சோப்பில் இரண்டு சொட்டைத் தண்ணீரில் விட்டு நன்றாக நுரைக்க வையுங்கள். நுரையை மட்டும் எடுத்து, ரோமத்தின் நுனியில் மட்டும் துணியால் ஒற்றி, ஈரத் துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் விடுங்கள். வெயிலில் வேண்டாம், நிறம் போகும். ஃபெல்ட் முகத்தில் நுரைகூடப் படக்கூடாது.

பேரனுக்குப் புதிதாக, துவைக்கக்கூடியதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். பழைய பொம்மையின் கண்ணாடிக் கண் கம்பியில் கோத்தது. குழந்தை இழுத்தால் கம்பியோடு வந்துவிடும். மருமகளிடம் இந்த ஒரு காரணத்தைச் சொன்னால் போதும்.

வீட்டம்மாவுக்கு: அது தோல் இல்லை. மோஹேர் என்பது அங்கோரா ஆட்டின் முடி. வருடத்துக்கு இரண்டு முறை கத்தரித்து எடுப்பார்கள், ஆடு அது பாட்டுக்கு மேயப் போய்விடும். அந்த முடியைப் பருத்தி நூலோடு சேர்த்து வெல்வெட் மாதிரி நெய்வார்கள், அவ்வளவுதான். (பட்டுப்புடவையை மட்டும் பேச்சில் இழுத்துவிடாதீர்கள்; புழுவின் கதை தொடங்கினால் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்காது.) தவிர, 32 அடி ஆஞ்சநேயர் நிற்கிற நங்கநல்லூரில் குரங்கு ஆகாது என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

சரி, அது ஸ்டைஃப் தானா? நீங்கள் சொல்லும் அடையாளம் அவர்கள் ஜோக்கோ என்ற பெயரில் பல பத்தாண்டுகள் செய்த சிம்பன்சிக்குப் பொருந்துகிறது. காது ஓட்டையும் நல்ல அறிகுறிதான். 1904-லிருந்து இடது காதில் உலோகப் பொத்தான் வைப்பது அவர்கள் வழக்கம். குழந்தை விழுங்கிவிடுமோ என்று பயந்து பெற்றோர் பிடுங்கி எறிந்தது ஏராளம். ஆனால் ஓட்டை மட்டும் சாட்சி ஆகாது. மற்றவர்களும் இதே மாதிரி குரங்குகள் செய்தார்கள். நியூரம்பெர்க்கின் ஷூக்கோ 1921 முதல் செய்த சில பொம்மைகளில் வாலை அசைத்தால் தலை ஆமாம், இல்லை என்று ஆடும்.

ரோமத்தை விரலால் வகிர்ந்து அடித்துணியைப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணி தெரிந்தால் நல்லது. பனியன் துணி மாதிரி பின்னல் தெரிந்தால் அநேகமாகப் பிற்காலத்து சிந்தெடிக். தானாக உதிர்ந்த ஒரு முடியைக் கொளுத்தினால் மோஹேர் தலைமுடி தீய்ந்த நாற்றத்தோடு பொடியாகும், சிந்தெடிக் உருகி மணியாகும். அப்புறம், வங்கிக்காரர் உங்களுக்குப் பழகின சோதனை ஒன்று: கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கை இருட்டில் காட்டுங்கள். புது பாலியஸ்டர் நூல் பளிச்சென்று ஒளிரும். சோப்புத்தூளில் துவைத்த பழைய பொம்மையும் அப்படி ஒளிரும் என்பதால், தையல் மட்டும் ஒளிர்கிறதா (நூல் புதிது), மொத்தமுமா (துவைத்தது) என்று கவனியுங்கள்.

இப்போது கரடி. பொத்தானைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். பொத்தான் தனியாகவும் விலைக்குக் கிடைக்கிறது; ஏதோ ஒரு கரடியின் காதில் குத்த ஐந்து நிமிடம் போதும். காலத்தைச் சொல்வது பொத்தானும் துணிச் சீட்டும் உடம்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதுதான். பொத்தானடியில் இருக்கும் சீட்டு முதலில் வெள்ளை, 1920-களின் நடுவிலிருந்து சிவப்பு, 1930-களின் நடுவிலிருந்து மஞ்சள். மஞ்சள் சீட்டோடு ஒன்றை '1910 கரடி' என்று விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். இந்தப் பித்தின் ஆரம்பமே சுவாரசியமானது. கம்பெனியைத் தொடங்கிய மார்கரெட் ஸ்டைஃபின் தம்பி மகன் ரிச்சர்ட் 1902-ல் வடிவமைத்த முதல் மூட்டுக் கரடிக்கு 55பிபி என்று பெயர். 55 சென்டிமீட்டர், பிளஷ் என்கிற ரோமத் துணி, அசையக்கூடியது என்று அர்த்தம். 1903 லைப்சிக் சந்தையில் அமெரிக்கர் ஒருவர் 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். அதில் ஒன்றுகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் யாராவது 55பிபி விற்கிறேன் என்றால் போனை வைத்துவிடலாம்.

சுங்கமும் உண்டு. பொம்மைகளுக்கான வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கி, 2023-ல் 70 ஆக்கினார்கள். உங்கள் பார்சலுக்கு எந்தக் கணக்கில் போடுவார்கள் என்று கூரியர்காரரிடம் முதலில் கேளுங்கள். என்னைக் கேட்டால் இப்போது வாங்க வேண்டாம். 500, 1,000 ரூபாயில் சந்தைப் பொம்மைகள் பத்தைக் கையில் எடுத்துத் திருப்பி, மோந்து, தட்டிப் பார்த்த பிறகு அந்தக் கரடியின் படத்தை மறுபடி பாருங்கள்.

மக்கல் வாடை நம் ஊர்க் காற்றின் கைங்கரியம். பூச்சி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, குரங்கைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் வேர்த்து நனைந்துவிடும். ஃப்ரீசருக்கு வீட்டம்மாவிடம் முன்அனுமதி அவசியம். பிறகு கண்ணாடி அலமாரியில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், ஐப்பசி கார்த்திகையில் அடிக்கடி மாற்றுங்கள். கொலு பொம்மையைச் சுற்றுகிற மாதிரி நியூஸ்பேப்பரில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். பழைய வேட்டி நல்லது, ஆனால் கஞ்சி போடாதது. கஞ்சிக்குப் பூச்சி வரும். பாச்சை உருண்டையை நான் வைப்பதில்லை. குழந்தை புழங்குகிற வீட்டுக்கு அந்தப் புகை ஆகாது.

ஒன்று விட்டுப்போயிற்று. ஃப்ரீசருக்குள் வைப்பதற்கு முன், கை, கால் தையலோரம் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். 'யு.எஸ். ஸோன் ஜெர்மனி' என்று அச்சடித்த சின்னத் துணி நாடா தட்டுப்பட்டால், அது போருக்குப் பிறகு, 1950-ஐ ஒட்டிய சில வருடங்களில் செய்தது. தட்டுப்பட்டால் படத்தோடு எழுதுங்கள்.