நாடகத்துக்குக் கூட்டம் வராவிட்டால் பழி யாருக்கு?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கணவருக்கு விசைப்படகில் வேலை. மகன் ராமநாதபுரத்தில் பி.காம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே மதுரை நாடகக் குழு ஒன்றோடு சுற்றுகிறான். நடிப்பதில்லை, “விளம்பரத்தை நீ பார்த்துக்கோ” என்று விட்டிருக்கிறார்கள். ராமநாதபுரத்தில் ஓர் அமைப்பு அந்தக் குழுவை அழைத்து நாடகம் போட்டபோது பாதி நாற்காலி காலி. எல்லாரும் பையனைத்தான் பேசியிருக்கிறார்கள். போஸ்டர் அடித்த 3,200 ரூபாயும் அவன் கைக்காசு. இவ்வளவுக்கும் பிறகு, “இதையே வேலையாக எடுக்கப்போகிறேன்” என்கிறானாம். “கூட்டம் வராததற்கு இவன்தான் காரணமா சார்? இதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்கிறார்.

அம்மா, முதல் கேள்வியிலிருந்தே வருகிறேன். ஒரு நாடகத்தில் யார் பணம் போடுகிறாரோ, வசூல் யார் கைக்குப் போகிறதோ, விளம்பரப் பொறுப்பும் அவருடையதுதான். விளம்பர வேலை பார்க்கிறவர் அவருக்காக வேலை செய்கிறவர், அவ்வளவுதான். படகுக்கு டீசல் போட்ட ஓனர், மீன்பாடு இல்லாத நாளில் வேலைக்குப் போன ஆளிடம் டீசல் காசைக் கேட்பாரா? உங்கள் பையனிடம் நடந்தது அதுதான்.

நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் இந்தக் கணக்கு எப்போதோ தெளிவாகிவிட்டது. கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் போட்டால் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். கம்பெனி என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவதால், ‘நம் நாடகம்’ என்று விளம்பரம் செய்ய அங்கே ஒரு குழுவே இல்லை. நோட்டீஸ் அடிப்பது விழாக் கமிட்டி. நடிகர் தன் போட்டோவையும் பெயரையும் கொடுப்பார், அதோடு அவர் வேலை முடிந்தது. கூட்டம் குறைந்தது என்று ஆர்மோனியக்காரரிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை. சென்னை சபாக்களிலும் ஏறக்குறைய இதே முறைதான். சபா குழுவுக்கு ஒரு தொகை பேசிக் கொடுத்து நாடகத்தை வாங்கிவிட்டால், உறுப்பினர்களுக்குச் சொல்லி அழைப்பது சபாவின் பாடு. குழுவே அரங்கை வாடகைக்கு எடுத்து டிக்கெட் விற்றால் எல்லாச் சுமையும் குழுவின் தலையில்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் சிக்கல்: வெளியூர்க் குழு, உள்ளூரில் அழைக்கிற அமைப்பு. மதுரைக்காரர்கள் “ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்றும், ஊர்க்காரர்கள் “குழு பார்த்துக்கொள்ளும்” என்றும் இருந்திருப்பார்கள். நடுவில் மாட்டியது உங்கள் மகன். வழக்கமான பங்கீடு இப்படி: நல்ல போட்டோக்கள், கதைச் சுருக்கம், நடிகர் பெயர்கள், போஸ்டர் டிசைன் எல்லாவற்றையும் குழு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அச்சடிப்பது, ஒட்டுவது, உள்ளூர் நிருபர்களைப் பார்ப்பது, கல்லூரிகளுக்குச் சொல்வது, போலீஸ் அனுமதி வாங்குவது எல்லாம் அழைத்தவர் செய்ய வேண்டும். எந்தச் செலவு யாருடையது என்பதைத் தேதி குறிக்கிற அன்றே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். பத்திரம் எல்லாம் தேவையில்லை.

பையன் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். நாடகத்துக்கு எத்தனை நாள் முன்பு போஸ்டர் ஒட்டினான் என்று கேளுங்கள். கடைசி இரண்டு நாளில் ஒட்டியிருந்தால் அதில் அவன் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. மண்டபம், பாம்பன் ஆட்களை எதிர்பார்க்கிறவன், படகு கடலுக்குப் போகிற நாளில் நாடகம் வேண்டாம் என்று தேதி வைக்கும்போதே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆட்கள் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. அப்போது 200 ரூபாய் டிக்கெட் போகாது. பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கிற கடல் ஓசை 90.4 சமுதாய வானொலிக்குப் போய்ப் பேசினானா? ஆட்டோவில் மைக் கட்டுவதானால் முறையாக அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மதுரையிலிருந்து வருகிறவருக்கு இந்த ஊரின் நாள் கிழமை தெரியாது, உங்கள் மகனுக்குத் தெரியும். இந்த வேலையில் அவனுடைய பலம் அதுதான்.

சரி, இது வேலையா? நியூயார்க்கில் நாடகத்துக்கான பத்திரிகைத் தொடர்பாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் 1928இல் தொடங்கிய தொழிற்சங்கமே இருக்கிறது. நம் சினிமாவில் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) வேலை, 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் செய்த பணியிலிருந்து வளர்ந்தது. ஆனால் தமிழ்நாட்டில் மேடை நாடக விளம்பரத்தை மட்டும் நம்பி மாதச் சம்பளம் எதிர்பார்க்க முடியாது. அரங்கு பிடிப்பது, பயணம், கணக்கு, டிக்கெட், விளம்பரம் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற தயாரிப்பு மேலாளராக அவன் வளரலாம். அப்புறம் இதே திறமைக்கு விளம்பர நிறுவனம், சினிமா, இசை விழா, புத்தகத் திருவிழா, தொண்டு நிறுவனம் என்று வெளியே நிறைய இடம் உண்டு. சோறு போடப்போவது பெரும்பாலும் அந்த வெளி இடங்கள்தான்.

அதனால் பி.காமை விட வேண்டாம். தயாரிப்பு மேலாளர் வேலையில் பாதி வரவு செலவுதான். கணக்கு தெரிந்த ஆள் கிடைக்காமல் நாடகக் குழுக்கள் திணறுவதை நிறையப் பார்க்கிறேன். பட்டம் முடிந்ததும் இதழியல், மக்கள் தொடர்பியல் முதுகலைக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இரண்டையும் பார்க்கலாம். ஆங்கிலம் கைகொடுத்தால் 1965இல் தொடங்கிய டெல்லியின் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தில் விளம்பரம், மக்கள் தொடர்புக்கென்றே தனிப் படிப்பு உண்டு. டெல்லி தேசிய நாடகப் பள்ளியை யாராவது சொன்னால் நிதானியுங்கள். அருமையான இடம்தான்; ஆனால் நடிப்பு, இயக்கம், மேடை வடிவமைப்புக்கான பள்ளி அது. விளம்பரம் கற்க அங்கே போகத் தேவையில்லை.

இப்போதிலிருந்தே அவன் ஒரு கோப்பு வைத்துக்கொள்ளட்டும். எழுதிய பத்திரிகைக் குறிப்பு, வந்த செய்தி, போஸ்டர், எத்தனை டிக்கெட் போனது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். நாடகத்தன்று வாசலில் நின்று, “எதைப் பார்த்து வந்தீர்கள்?” என்று வருகிறவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது இன்னும் நல்லது. வேலை கேட்டுப் போகிற இடத்தில் மதிப்பெண் பட்டியலைவிட அந்தக் காகிதத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

அவனிடம் வேலையை விட்டது குழு என்பதால், அந்த 3,200 ரூபாயைக் குழுவிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கூச்சப்படுவான், பரவாயில்லை. பில்லைத் தொலைத்திருந்தால் அச்சகத்தில் கேட்டால் நகல் தருவார்கள். பணம் வரும்வரை அடுத்த நாடகத்துக்கு அவன் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.