கம்பனி ஒன்று புத்தாக்கச் சூழலமைப்பில் சேர்ந்தால் அதன் பங்கு விலை ஏறுமா?

ஏறலாம். ஆனால் சேர்ந்ததால்தான் ஏறியது என்று நம்புவதற்கு முன், அதே நாட்களில் முழுச் சந்தையும் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். அப்படியொரு அறிவித்தலை வாசித்துவிட்டு வாங்குவதா விடுவதா என்று யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. நானும் அந்த இடத்தில் நின்றவன்.

2021 ஜனவரி முதற்கிழமை. கொழும்பில் பட்டியலிடப்பட்ட ஒரு கம்பனி, பல்கலைக்கழகங்களும் புதுத் தொழில் முனைவோரும் பெரிய கம்பனிகளும் சேர்ந்த புத்தாக்கச் சூழலமைப்பு எனப்படும் கூட்டு ஒன்றில் இணைந்துவிட்டதாகப் பத்திரிகையில் செய்தி. கோண்டாவில் வீட்டு விறாந்தையில் இருந்து அதை இரண்டு தரம் வாசித்தேன். அடுத்த நாளே தரகர் கந்தோருக்குப் போய், 14 ரூபா 20 சதப்படி 10,000 பங்குகள் வாங்கினேன். பென்ஷனில் மிச்சம் பிடித்த காசு. அங்கே இருந்த பொடியன் சொன்னான்: "மாஸ்ரர், பேப்பரிலை வந்திட்டுதெண்டால் அது விலைக்குள்ளை ஏறி முடிஞ்சுது." நான் கேட்கவில்லை.

வருட முடிவில் விலை 19 ரூபா 90 சதம். நாற்பது வீத லாபம். ஸ்காபரோவில் இருக்கும் தம்பிக்கு போன் எடுத்து, நீயும் போடு என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

அப்புறம் ஒரு நாள் மகளின் பழைய சதுரறைக் கொப்பியில் இரண்டு நிரல் போட்டேன். ஒன்றில் என் பங்கு, மற்றதில் கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண். 2020 முடிவில் சுமார் 6,774 ஆக இருந்த சுட்டெண் 2021 முடிவில் 12,226. எண்பது வீதம்! என் பங்கு அதில் பாதிதான் ஏறியிருந்தது. 2022 இல் நாடே விழுந்து, வருட முடிவில் சுட்டெண் சுமார் 8,490 க்கு வந்தது. அப்போதும் நான் வாங்கிய காலத்தை விட மேலேதான். என் பங்கோ 11 ரூபா 60 சதம்.

ஒரு பங்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே என்பீர்கள். நியாயம். நான் படிப்பித்தது கணிதம், நிதியியல் அல்ல. ஆனால் சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பதுதான் ஆய்வாளர்களின் வழியும். 1983 முதல் 1992 வரை நடந்த 345 கம்பனிக் கூட்டணிகளை அப்படிப் பார்த்த ஆய்வொன்று 1997 இல் வெளிவந்தது. அறிவித்தல் நேரத்தில் கிடைத்த மேலதிக வருமானம் சராசரியாக 0.64 வீதம். ஒரே துறைக் கம்பனிகள் தொழில்நுட்ப அறிவைப் பகிர்ந்த இடத்தில்தான் பலன் அதிகம். எதிர்மாறாகவும் நடக்கும். 2011 பெப்ரவரி 11 அன்று நோக்கியா தன் போன்களின் இயங்குதளமான சிம்பியனைப் பின்னுக்குத் தள்ளி, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனோடு சேர்வதாக அறிவித்தது. அன்றே அதன் பங்கு சுமார் 14 வீதம் விழுந்தது. கொண்டுபோக என்ன இருக்கிறது, சேர்ந்தபின் கையில் என்ன மிஞ்சும் என்றுதான் சந்தை பார்க்கிறது.

அதையே கேட்கத்தான் 2023 இல் அந்தக் கம்பனியின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். ஆண்டறிக்கை முழுக்க ஆங்கிலம். கூட்ட அறிவித்தலில்கூடத் தமிழில் ஒரு வரி இல்லை. பங்குக்காரரின் காசுக்கு மட்டும் மொழி கிடையாதா? எழும்பித் தமிழில் கேட்டேன்: "இந்தக் கூட்டில் சேர்ந்து இரண்டு வருடமாயிற்று. எவ்வளவு செலவழித்தீர்கள், எந்தப் புதுப் பொருள் வந்தது?" மேடையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்வரிசையில் இருந்த கணக்குப்பிரிவுப் பிள்ளை ஒருத்திதான் எழும்பி மொழிபெயர்த்தாள். "அது நீண்டகால விஷயம்" என்று பதில் வந்தது. ஒரு தொகையும் சொல்லவில்லை, ஒரு பொருளின் பெயரும் சொல்லவில்லை. அந்தக் கிழமையே விற்றேன்.